அவுட்புட் ஃபோல்டரை பில்ட் டூல் தானாகவே அழிக்கலாமா?

கோவையில் சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் எந்த சாஃப்ட்வேர் அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "ஒருக்கா க்ளீன் பண்ணிட்டு பில்ட் போட்டுப் பாருங்க." எதை க்ளீன் செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. பாதி நேரம் பிரச்சினை தீர்ந்துவிடுவதால் கேட்கத் தோன்றுவதும் இல்லை. காலேஜ் முடித்துப் புதிதாக வந்த பையன் தயங்கித் தயங்கி, "ஏனுங்ணா, பில்ட் போட்டா வர்ற இந்த டிஸ்ட் ஃபோல்டரை அழிச்சா ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று கேட்டால், "அது பூராவும் குப்பைதான் கண்ணு, அழிச்சு உடு" என்று பதில் வரும்.

பூராவும் குப்பைதானா? பெரும்பாலும் ஆமாம். ஆனால் எல்லா நேரமும் அப்படி இல்லை.

குப்பை என்றே வைத்துக்கொண்டால் அடுத்த கேள்வி வருகிறது. அதை நாம் ஏன் கையால் அழிக்க வேண்டும்? பில்ட் டூலே ஒவ்வொரு முறையும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதக் கூடாதா? இதில் இரண்டு கட்சி இருக்கிறது. அழிக்காத டூல் அரைகுறை டூல் என்பார்கள் ஒரு கட்சிக்காரர்கள். என் டிஸ்கில் இருப்பதை என்னைக் கேட்காமல் தொடாதே என்பார்கள் மற்றவர்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் அழிக்கலாமா கூடாதா என்று மோதுவதற்கு முன்னால், அந்த ஃபோல்டர் யாருடையது என்று கேட்டுவிட்டால் சண்டையில் பாதி தானாகவே கரைந்துவிடும் என்று நான் நினைக்கிறேன்.

## முதலில், பில்ட் என்றால் என்ன

நாம் கையால் எழுதும் நிரல் வரிகளுக்கு சோர்ஸ் என்று பெயர். அதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு, அல்லது பிரவுசர் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் வேலைதான் பில்ட். எந்த ஃபைலில் இருந்து எது உருவாக வேண்டும், எந்த வரிசையில் உருவாக வேண்டும் என்று பார்த்து அந்த வேலையைச் செய்து முடிப்பது பில்ட் டூல். உருவானதெல்லாம் போய்ச் சேரும் இடம் அவுட்புட் ஃபோல்டர்.

ஆளுக்கு ஆள் பெயர் மாறும். ஜாவாவில் மேவன் அதை "டார்கெட்" என்று வைக்கும், கிரேடில் "பில்ட்" என்று வைக்கும். வெப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு "டிஸ்ட்". டாட்நெட்காரர்களுக்கு "பின்", "ஆப்ஜ்" என்று இரண்டு. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: இங்கே இருப்பது எதுவும் மூலம் அல்ல, சோர்ஸ் இருந்தால் மறுபடியும் உருவாக்கிக்கொள்ளலாம்.

அதனால்தான் கிட்டில் அவுட்புட் ஃபோல்டரைச் சேர்ப்பதில்லை. கிட் என்பது நம் ஃபைல்களில் நடந்த மாற்றங்களை வரலாறாகச் சேமித்து வைக்கும் டூல். எதையெல்லாம் சேமிக்க வேண்டாம் என்று கிட்இக்னோர் ஃபைலில் எழுதி வைப்போம். அதில் டிஸ்ட், டார்கெட் எல்லாம் முதல் வரிகளிலேயே இருக்கும். இது நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த ஃபோல்டருக்குள் கையால் எழுதிய ஃபைல் ஒன்று தப்பித் தவறி இருந்தால், அதற்கு எங்கேயும் நகல் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

## களத்தைக் கூட்டுவது யார்?

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போனால் கொப்பரைக் களங்களைப் பார்க்கலாம். உடைத்த தேங்காயைப் பரப்பிக் காயப் போட்டு, பருப்பைத் தோண்டி எடுத்து, மறுபடி காயப் போடுவார்கள். ஒரு லாட் முடிந்து அடுத்தது வரும் முன் களத்தைக் கூட்டிவிடுவார்கள். கூட்டாமல் விட்டால் போன லாட்டில் பூசணம் பிடித்த நாலு பருப்பு புதிய லாட்டோடு கலந்துவிடும். வாங்க வருகிறவர் கையை விட்டு அள்ளிப் பார்க்கும்போது அந்த நாலும் மாட்டினால் மொத்த லாட்டுக்கும் விலை இறங்கும்.

சொந்தக் களம் என்றால் ஒரு கேள்வியும் இல்லை, ஒரு ஓரத்தில் இருந்து இன்னொரு ஓரம் வரை கூட்டித் தள்ளலாம். ஊர்ப் பொது உலர்களம் என்றால் அப்படி முடியாது. அதில் பாதியில் பக்கத்துக் காட்டுக்காரர் கொள்ளு காயப் போட்டிருப்பார். அங்கே நாம் பரப்பியதை மட்டும் அள்ளிக்கொண்டு வரலாம், அவருடையதைத் தொட முடியாது. நாம் பரப்பியது எதுவரை என்று நமக்கு நினைவிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவுட்புட் ஃபோல்டரும் இப்படித்தான். டூலுக்கே சொந்தமான ஃபோல்டர் என்றால் மொத்தமாக அழிப்பது நல்ல பழக்கம். மற்றவர் பொருளும் அங்கே இருக்க வாய்ப்பு உண்டு என்றால், டூல் தான் எழுதியதை மட்டும் எடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், தான் நிற்பது சொந்தக் களத்திலா பொதுக் களத்திலா என்பது பல டூல்களுக்குத் தெரியாது. நாம் ஒரு பாதையைக் கொடுக்கிறோம், அது நம்பிவிடுகிறது.

## மிச்சம் எப்படித் தங்குகிறது

போன பில்டில் உருவாகி, இந்த பில்டுக்குத் தேவையில்லாமல் போன பிறகும் அவுட்புட் ஃபோல்டரில் கிடக்கும் ஃபைலை மிச்சம் என்று சொல்லிக்கொள்வோம். அது ஏன் தங்குகிறது என்று புரிய, பில்ட் டூல்களிலேயே மூத்ததான மேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது நல்லது. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. இன்றும் லினக்ஸ் உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மேக் பார்ப்பது நேரத்தை. ஒவ்வொரு ஃபைலும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று இயங்குதளம் குறித்து வைத்திருக்கும். சோர்ஸ் ஃபைலின் நேரம் அவுட்புட் ஃபைலின் நேரத்தைவிடப் புதியதாக இருந்தால் மறுபடி உருவாக்கு, இல்லையென்றால் விட்டுவிடு. இவ்வளவுதான் விதி. மாறியதை மட்டும் மறுபடி உருவாக்கும் இந்த முறைக்கு இன்கிரிமென்டல் பில்ட் என்று பெயர். ஆயிரம் ஃபைல் உள்ள திட்டத்தில் ஒரு ஃபைலை மாற்றினால் அந்த ஒன்றும் அதைச் சார்ந்தவையும் மட்டுமே மறுபடி உருவாகும். நேரம் மிச்சம்.

இப்போது ஒரு சோர்ஸ் ஃபைலையே நீக்கிவிடுகிறீர்கள், அதற்கான விதியையும் எடுத்துவிடுகிறீர்கள். மேக் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. தன்னிடம் உள்ள விதிகளை வரிசையாகப் பார்ப்பதுதான் அதன் வேலை. விதியே இல்லாத ஃபைலை அது திரும்பிக்கூடப் பார்க்காது. போன வாரம் அந்த சோர்ஸில் இருந்து உருவான ஃபைல் அவுட்புட்டில் அப்படியே கிடக்கும். அதை உருவாக்கியது யார் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

"மேக் க்ளீன்" என்ற கட்டளை இதற்காகத்தான் வந்தது. அது மேக்கின் உள்ளே பிறந்த வசதி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திட்டத்தை எழுதியவர் "க்ளீன்" என்ற பெயரில் ஒரு விதி எழுதி, இன்னின்னதை அழி என்று சொல்லியிருந்தால்தான் அது வேலை செய்யும். அவர் எழுதத் தவறினால் க்ளீனும் தவறும்.

## மிச்சம் செய்யும் வேலை

சும்மா கிடந்தால் மிச்சத்தால் தொந்தரவு இல்லை, டிஸ்கில் கொஞ்சம் இடம் பிடிக்கும். யாராவது அதை எடுத்து ஓட்டிவிடும்போதுதான் வினை.

பைத்தானில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. பைத்தான் 2 காலத்தில், ஒரு ஃபைலை இன்னொன்று இம்போர்ட் செய்யும்போது, அதாவது உள்ளே இழுத்துப் பயன்படுத்தும்போது, அதன் மாற்றிய வடிவம் பிஒய்சி என்ற பின்னொட்டோடு அதே ஃபோல்டரில், சோர்ஸுக்குப் பக்கத்திலேயே உட்காரும். சோர்ஸை அழித்துவிட்டாலும் பிஒய்சி கிடந்தால் போதும், இம்போர்ட் நடக்கும். நீக்கிவிட்டதாக நினைத்த நிரல் உங்கள் மிஷினில் மட்டும் உயிரோடு இருக்கும். சோர்ஸை மட்டும் இறக்கிக்கொண்ட அடுத்த மேசைக்காரருக்கு எர்ரர் வரும். 2011இல் வந்த பைத்தான் 3.2 இந்த ஃபைல்களைத் தனி ஃபோல்டருக்கு மாற்றியது. சோர்ஸ் இல்லாமல் அந்த ஃபோல்டரில் தனியாகக் கிடப்பதைப் பைத்தான் இப்போது கண்டுகொள்வதில்லை. அழிக்காமலேயே மிச்சத்தின் பல்லைப் பிடுங்கிய வழி இது, எனக்கு மிகவும் பிடித்த தீர்வு.

இன்றைக்கு அதிகம் அடி வாங்குவது டைப்ஸ்கிரிப்ட் மொழியில். அதன் கம்பைலர், அதாவது சோர்ஸை மாற்றித் தரும் நிரல், அவுட்புட் ஃபோல்டரில் எழுதும், பழையதை அழிக்காது. பேரு மாற்றிய ஃபைலின் பழைய வடிவம் டிஸ்டிலேயே இருக்கும். யாரும் அதை இம்போர்ட் செய்யவில்லை என்றால் பரவாயில்லை. ஆனால் சில ஃபைல்களை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "இந்த ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் வரிசையாக ஓட்டு" என்று சொல்லி வைத்திருப்போம். டேட்டாபேஸ் மைக்ரேஷன்கள் அப்படிப்பட்டவை. மைக்ரேஷன் என்பது டேட்டாபேஸ் டேபிளில் ஒரு நெடுவரிசையைச் சேர்ப்பது, நீக்குவது போன்ற மாற்றத்தைச் செய்யும் சிறு நிரல். தப்பாக எழுதிவிட்டோம் என்று ஒரு மைக்ரேஷனை சோர்ஸில் இருந்து நீக்கிவிட்டு, டிஸ்டில் அதன் மிச்சத்தை விட்டுவிட்டால், அடுத்த முறை ஓட்டும்போது அதுவும் சேர்ந்து ஓடும். சோர்ஸைத் தலைகீழாகத் தேடினாலும் அந்த வரி கிடைக்காது. டேபிள் மட்டும் மாறியிருக்கும்.

நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்டுகளுக்கும் இதே கதைதான். ஜாவாவில் சோர்ஸில் இருந்து உருவாகும் கிளாஸ் ஃபைல்கள் உள்ள ஃபோல்டரைத் துழாவி ஓட்டும் டெஸ்ட் ரன்னர், நீக்கிய டெஸ்டின் மிச்சத்தையும் ஓட்டும். ஜாவா கம்பைலர் புதிய கிளாஸ் ஃபைல்களை எழுதுமே ஒழிய, பழையதைத் தானாக நீக்குவது அதன் வேலை அல்ல.

"என் மிஷின்ல ஓடுதுங்க, சர்வர்லதான் ஓடல" என்ற புலம்பலில் ஒரு பங்குக்கு மிச்சம்தான் காரணம். சர்வரில் பில்ட் போடும்போது பெரும்பாலும் வெறும் ஃபோல்டரில், சோர்ஸைப் புதிதாக இறக்கித் தொடங்குகிறார்கள். அங்கே மிச்சத்துக்கு இடமே இல்லை.

இதுவரை பார்த்தது: பில்ட் டூல் தன்னிடம் உள்ள விதிகளை மட்டும் பார்க்கிறது, நீக்கப்பட்ட சோர்ஸுக்கு விதி இல்லை என்பதால் அதன் அவுட்புட் தங்கிவிடுகிறது, ஃபோல்டர் முழுவதையும் அள்ளி ஓட்டும் இடங்களில் அது உயிர் பெறுகிறது. ஆக, அழிக்க வேண்டும் என்ற கட்சிக்குக் காரணம் இருக்கிறது.

## அழிக்கும்போது என்ன தவறலாம்

இனி அடுத்த கட்சி. அவர்கள் பயப்படுவது கற்பனைக்கு அல்ல.

2015 ஜனவரியில், லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் விற்பனைச் செயலியின் தொடக்க ஸ்கிரிப்டில் ஒரு பிழை வெளியே தெரிந்தது. ஸ்டீம் நிறுவப்பட்ட ஃபோல்டரின் பாதையை ஒரு மாறியில் (வேரியபிளில்) வைத்து, அதற்குள் இருப்பதையெல்லாம் அழி என்று ஒரு வரி. அதற்கு மேலே எழுதியவரே "ஸ்கேரி" என்று குறிப்பு எழுதி வைத்திருந்தார். சில சூழ்நிலைகளில் அந்த மாறி காலியாகிவிட்டது. பாதை காலி, அதற்குப் பின்னால் ஒரு சாய்கோடு. சாய்கோடு மட்டும் தனியாக நின்றால் லினக்ஸில் அது மொத்த டிஸ்கின் வேர். பயனரால் அழிக்க முடிந்த ஃபைல்கள் எல்லாம், இணைத்திருந்த வெளி டிரைவில் இருந்தவை உட்பட, போயின.

அதற்கு நாலு வருஷம் முன்னால், 2011இல், பம்பிள்பீ என்ற லினக்ஸ் கிராஃபிக்ஸ் திட்டத்தின் நிறுவல் ஸ்கிரிப்டில் அழிக்க வேண்டிய பாதைக்கு நடுவே ஒரே ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. ஒரு பாதை இரண்டாக உடைந்து, "யூஎஸ்ஆர்" என்ற முதல் பாதி தனியாக நின்றது. லினக்ஸில் பெரும்பாலான நிரல்கள் இருக்கும் ஃபோல்டர் அது. முழுவதும் அழிந்தது.

இவை இரண்டும் பில்ட் டூல்கள் அல்ல. ஆனால் உள்ளே நடந்தது ஒன்றுதான்: ஒரு பாதையைக் கணக்கிட்டு, அது சரியென்று நம்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அழித்தது. பில்ட் டூலில் அந்தப் பாதையைக் கொடுப்பது நாம். இரண்டு புள்ளி கூடுதலாகத் தட்டினால் அவுட்புட் ஃபோல்டர் ஒரு படி மேலே போய்விடும். அங்கே நம் மற்ற திட்டங்கள் இருக்கும். "பில்ட் போட்டதும் நேரா வெப் சர்வர் ஃபோல்டர்லயே விழட்டும்" என்று சிலர் பாதையை மாற்றி வைப்பார்கள். அங்கே வாடிக்கையாளர்கள் ஏற்றிய படங்கள் இருக்கும்.

பாதை சரியாக இருந்தும் இழப்பு வரலாம். அவுட்புட்டுக்குள்ளேயே கையால் ஏதாவது வைப்பது அப்படி ஒரு வழி: சர்வருக்கான ஒரு அமைப்பு ஃபைல், டொமைன் பெயர் எழுதிய ஒரு வரி ஃபைல், சோதனைக்காக வைத்த ஒரு எக்செல். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வெப்சைட் செய்து கொடுப்பவர், அவசரத்துக்கு விலைப்பட்டியல் பிடிஎஃபை நேரடியாக டிஸ்டில் போட்டு ஏற்றிவிடுவதை நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டு திட்டங்கள் எழுதுவதும் உண்டு. இரண்டாவது பில்ட் முதலாவதன் அவுட்புட்டை முழுவதுமாக அழித்துவிடும். எர்ரரே வராது.

ஒரு டூல் இப்படி அழிக்கும்போது ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. கிட்டில் இருக்கிறதா என்றால், கிட்இக்னோரில் நாமே போட்டு வைத்திருக்கிறோம். முன்பு மனதில் வைக்கச் சொன்னது இதைத்தான்.

விண்டோஸில் இன்னொரு தலைவலி. வேறு ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் ஃபைலை விண்டோஸ் பெரும்பாலும் அழிக்க விடாது. டூல் பாதியை அழித்து, பூட்டியிருக்கும் ஃபைலில் முட்டி நின்றுவிடும். பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

## டூல்கள் இன்று எப்படி நடந்துகொள்கின்றன

எல்லா டூலும் ஒரே மாதிரி என்று நினைப்பதுதான் இருக்கும் தவறான எண்ணங்களில் பெரியது. ஒரு டூலில் பழகியவர் அடுத்ததிலும் அதையே எதிர்பார்க்கிறார்.

ஜெகில் என்ற வெப்சைட் டூல் ஒவ்வொரு பில்டிலும் தன் அவுட்புட் ஃபோல்டரைச் சுத்தம் செய்யும். தான் உருவாக்காதது எதுவும் அங்கே நிற்காது. முக்கியமான இடத்தை அவுட்புட்டாகக் கொடுக்காதீர்கள் என்று அதன் ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. எதை விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுக்கலாம். கேட்காமலேயே கிட்டின் உள் ஃபோல்டரை விட்டுவைக்கும். ஹ்யூகோ அதே வகை டூல்தான், ஆனால் அழிக்க வேண்டும் என்றால் நாம் தனியாகச் சொல்ல வேண்டும். வெப்பேக் 5இல் சுத்தம் செய்யும் வசதி உண்டு, ஆனால் அணைந்த நிலையில் வரும். அதிலேயே ட்ரை ரன் என்று ஒன்று இருக்கிறது: எதையும் அழிக்காமல், அழித்தால் எதெல்லாம் போகும் என்று மட்டும் காட்டுவது. மேவனிலும், ரஸ்ட் மொழியின் பில்ட் டூலான கார்கோவிலும் "க்ளீன்" என்பது தனிக் கட்டளை, கேட்டால்தான் நடக்கும்.

கிரேடிலில் "காப்பி" என்றும் "சிங்க்" என்றும் இரண்டு வேலைகள் உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும். காப்பி எடுத்து வைக்கும், அவ்வளவுதான். சிங்க் எடுத்து வைத்துவிட்டு, மூலத்தில் இல்லாத எல்லாவற்றையும் போய்ச் சேரும் இடத்தில் இருந்து அழித்துவிடும். பெயரை மட்டும் பார்த்து மாற்றிப் போட்டவர்கள் பாவம்.

இவற்றில் இரண்டு டூல்கள் உரிமை என்ற கேள்வியைக் கேட்டிருக்கின்றன.

ஒன்று வீட் என்ற வெப் பில்ட் டூல். அவுட்புட் ஃபோல்டர் திட்டத்தின் வேர் ஃபோல்டருக்குள் இருந்தால் கேட்காமல் காலி செய்துவிடும். வெளியே இருந்தால் தொடாது. எச்சரிக்கை காட்டிவிட்டு எழுதும். அங்கேயும் அழி என்று நாம் அமைப்பில் வெளிப்படையாக எழுதினால்தான் அழிக்கும். உள்ளே என்றால் என் களம், வெளியே என்றால் ஊர்க் களம். ஒரே ஒரு சோதனை, அதிலேயே பெரும்பாலான விபத்துகள் நின்றுவிடுகின்றன. திட்டத்துக்குள் இருக்கும் டிஸ்டில் பிடிஎஃப் வைத்தவரை இது காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்றொன்று ஆப்பிளின் எக்ஸ்கோடு. அதன் புதிய பில்ட் அமைப்பு தான் உருவாக்கும் ஃபோல்டரில் ஒரு அடையாளம் குத்தி வைக்கும். "க்ளீன்" கேட்டால் முதலில் அந்த அடையாளத்தைத் தேடும். இல்லையென்றால், இது பில்ட் அமைப்பு உருவாக்கிய ஃபோல்டர் அல்ல, அழிக்க மாட்டேன் என்று மறுத்துவிடும். அந்த எர்ரரைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் நிறைய. எனக்கு அது எரிச்சலாகத் தெரியவில்லை.

## தான் எழுதியதை நினைவில் வைப்பது

இதைவிட நுட்பமான வழி, எழுதிய ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்வது. அதற்கு மேனிஃபெஸ்ட் என்று பெயர். அடுத்த பில்ட் முடிந்ததும் புதிய பட்டியலைப் பழைய பட்டியலோடு ஒப்பிடுகிறது டூல். பழைய பட்டியலில் உள்ள, புதியதில் இல்லாத ஃபைல்தான் மிச்சம். அதை மட்டும் அழிக்கிறது. இரண்டு பட்டியலிலும் இல்லாத ஃபைல் யாரோ வைத்தது, அதைத் தொடுவதில்லை. நிஞ்ஜா என்ற டூலில் 1.10 பதிப்பில் இருந்து ஏறக்குறைய இதைச் செய்யும் தனிக் கட்டளை உண்டு: முன்பு உருவாக்கி, இப்போது விதிகளில் இல்லாமல் போனதை மட்டும் நீக்கும். பட்டியலே தொலைந்துவிட்டால் டூலுக்கு எதுவும் நினைவிருக்காது. அப்போது எதையும் அழிக்காமல் இருப்பதே முறை.

இன்னொரு வழி: அவுட்புட்டைத் தற்காலிக ஃபோல்டரில் முழுவதும் உருவாக்கி, கடைசியில் பெயரை மட்டும் மாற்றிப் பழையதன் இடத்தில் வைப்பது. இதில் பலரும் யோசிக்காத லாபம் ஒன்று இருக்கிறது. அழித்துவிட்டு பில்ட் தொடங்கும் டூலில், நடுவில் ஒரு எர்ரர் வந்தால் டிஸ்ட் காலியாக நிற்கும். நேற்று ஓடிக்கொண்டிருந்ததும் இன்று இல்லை. மாற்றி வைக்கும் முறையில், பில்ட் வெற்றி பெறும் வரை பழையது பத்திரமாக இருக்கும்.

என் தீர்ப்பு இது: ஃபோல்டர் தன்னுடையது என்று டூலால் காட்ட முடிந்தால், அது இருக்கும் இடத்தை வைத்தோ அடையாளத்தை வைத்தோ பட்டியலை வைத்தோ எப்படியோ, தானாக அழிக்கட்டும், அதுதான் நல்ல இயல்பு நிலை. காட்ட முடியாவிட்டால் நின்று கேட்கட்டும். கேட்க ஆள் இல்லாத சர்வரில் ஓடினால் எர்ரர் காட்டி நிற்கட்டும். மிச்சத்தால் ஒரு மதியம் போகும். தவறான அழிப்பால் திரும்பி வராதது போகும். இரண்டையும் சமமாக வைத்துப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

## "க்ளீன்" பழக்கம் பற்றி ஒரு வார்த்தை

ஒவ்வொரு முறையும் முழுவதும் அழித்தால் இன்கிரிமென்டல் பில்டின் லாபம் போய்விடும். சிறிய வெப் திட்டத்தில் தெரியாது. பெரிய சி++ திட்டத்தில், டீ குடித்துவிட்டு வந்தாலும் முடியாது.

அதைவிட முக்கியம், க்ளீன் செய்ததும் சரியாகிற பிரச்சினை தீர்ந்த பிரச்சினை அல்ல. எது எதைச் சார்ந்தது என்ற விவரம் பில்ட் அமைப்பில் எங்கோ விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடித் திருத்தாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி க்ளீன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2012 வாக்கில் மின்வெட்டில் கோவை, திருப்பூர் பட்ட பாடு நினைவிருக்கும். யூபிஎஸ் இல்லாத கணினியில் பில்ட் ஓடும்போது கரண்ட் போனால், பாதி எழுதிய ஃபைல் அவுட்புட்டில் நிற்கும். அதன் நேரம் சோர்ஸைவிடப் புதியது. மேக் அதைப் பார்த்து, "இது சரியாகத்தான் இருக்கிறது" என்று தாண்டிப் போகும். நாம் கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தினால் குனூ மேக் (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் மேக்) அந்தப் பாதி ஃபைலைத் தானே அழித்துவிடும். கரண்ட் போனால் அதற்கும் சேர்த்து உயிர் போகிறது. அங்கே க்ளீன் போடுவதுதான் சரி.

கையால் அழிப்பவர்கள், அழிக்கும் முன் ட்ரை ரன் ஓட்டிப் பாருங்கள். கிட்டிலேயே "கிட் க்ளீன்" என்ற கட்டளை இருக்கிறது. அதில் "என்" என்ற கொடியை, அதாவது கட்டளையோடு போடும் கூடுதல் குறியை, சேர்த்தால் எது போகும் என்று பட்டியல் மட்டும் காட்டும். கிட்இக்னோரில் உள்ளதையும் சேர்த்து அழிக்கும் "எக்ஸ்" கொடியைப் போடுபவர்கள் அந்தப் பட்டியலில் பாஸ்வேர்டு வைத்திருக்கும் "என்வ்" ஃபைல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இருக்கும். பிடிஎஃப் போன்றவற்றை டிஸ்டில் வைக்காமல், வீட் டூலில் "பப்ளிக்", ஹ்யூகோவில் "ஸ்டாட்டிக்" போன்ற ஃபோல்டர்களில் வையுங்கள். பில்ட் ஒவ்வொரு முறையும் அங்கிருந்து எடுத்து அவுட்புட்டில் சேர்த்துவிடும். அழித்தாலும் திரும்ப வரும்.

## சர்வரில் கணக்கு வேறு

டூலுக்கே சொந்தமான ஃபோல்டராக இருந்தும், உடனே அழிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. அது நேரடியாக மக்கள் பார்க்கும் சர்வர்.

இன்றைய வெப் டூல்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலின் பெயரோடு, அதன் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிட்ட சில எழுத்துகளைச் சேர்க்கின்றன. உள்ளே ஒரு வரி மாறினாலும் பெயர் மாறும். ஈரோட்டில் ஒரு மஞ்சள் வியாபாரி காலையில் உங்கள் தளத்தைத் திறந்து வைத்துவிட்டு மண்டிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதியம் நீங்கள் புதிய பில்டை ஏற்றி, பழைய ஃபைல்களை அழித்துவிடுகிறீர்கள். சாயங்காலம் அவர் வந்து அதே பக்கத்தில் ஒரு பட்டனை அழுத்துகிறார். அவருடைய பிரவுசரில் இருப்பது காலைப் பக்கம். அது காலைப் பெயரில் ஒரு ஃபைலைக் கேட்கிறது. சர்வர் 404 என்கிறது, அதாவது அப்படி ஒரு ஃபைல் இல்லை. அவருக்குத் தெரிவது, பட்டன் வேலை செய்யவில்லை என்பது மட்டும். இது அடிக்கடி நடப்பதால் வீட் இதற்கென்றே ஒரு எர்ரர் நிகழ்வை வைத்து, அது வந்தால் பக்கத்தை மறுபடி ஏற்றிக்கொள்ள வழி கொடுத்திருக்கிறது.

ஆகவே சர்வருக்கு ஆர்சிங்க் போன்ற டூலில் ஏற்றும்போது, கூடவே அழிக்கும் "டெலீட்" கொடியைப் போடாமல் புதியதை மட்டும் ஏற்றுங்கள். பெயர்கள் வேறு வேறு என்பதால் ஒன்றின் மேல் ஒன்று விழாது. பழையதைச் சில நாள் கழித்துத் தனியாக நீக்கலாம். வரிசையும் முக்கியம்: ஜாவாஸ்கிரிப்ட், படங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு ஹெச்டிஎம்எல் பக்கத்தைக் கடைசியாக ஏற்றுங்கள். முன்னால் ஏற்றினால் இன்னும் வந்து சேராத ஃபைலைப் புதிய பக்கம் கேட்கும், அதே 404 மறுபடி வரும்.